நீண்ட காலம் நின்ற மோட்டார் சைக்கிளை உதைக்க முன்

இடம்பெயர்ந்தபோது உறவினர் வீட்டுக் கொட்டிலில் விட்டுவந்த பழைய மோட்டார் சைக்கிள், பல குடும்பங்களுக்கு மிஞ்சிய சொத்துகளில் ஒன்று. காணிக்குத் திரும்பியதும் வெங்காயத்தைச் சந்தைக்குக் கொண்டுபோகவும், சுகமில்லாதவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றவும் அதுவே உதவும்.

வருடக்கணக்கில் நின்ற வண்டியைக் கண்டதும் நாம் முதலில் செய்வது கிக்கரை உதைத்துப் பார்ப்பது. அதைச் செய்ய வேண்டாம். உள்ளே பிஸ்டன் துருவினால் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். பலமாக உதைத்தால் றிங் உடைந்து சிலிண்டரைக் கீறிவிடும். பிறகு சிலிண்டரைக் கடைந்து புதிய பிஸ்டன் போட நேரிடும். இரண்டு நாள் பொறுமை அந்தச் செலவை மிச்சப்படுத்தும்.

எங்கள் ஊர்களில் அதிகம் ஓடிய ஹொண்டா சி.50, சி.டி.50, எம்.டி.90 போன்ற நான்கடிப்பு எஞ்சின்களுக்கு இப்பாடம் பொருந்தும். பெற்றோலுடன் ஒயில் கலந்து ஓட்டும் வண்டிகளின் ஒயில் முறை வேறு.

1. பிஸ்டனை இளக்குதல்

பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்தபின் பிளக்கைக் கழற்றவும். அந்தத் துவாரத்தினுள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, துணியால் மூடி, ஓர் இரவு விடவும். மறுநாள் கிக்கரைக் கையால் மெதுவாக அமர்த்தவும். அசையாவிட்டால் இன்னும் சிறிது ஒயில் விட்டுக் காத்திருக்கவும். அதன்பின்பும் அசையாவிட்டால் மெக்கானிக்கிடம் காட்டவும். காலால் மிதிக்க வேண்டாம்.

2. எஞ்சின் ஒயில்

பழைய ஒயிலை முழுவதும் வடியவிடவும். அது பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. மண்ணெண்ணெய் மணத்துடன் நீர்த்திருந்தால் அதற்கும் காரணம் உண்டு. 1990களில் பொருளாதாரத் தடையால் வடக்கில் பெற்றோல் கிடையாதபோது, சிறிது பெற்றோலில் எஞ்சினை இயக்கிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். நீர்த்த ஒயில் எஞ்சினைத் தேயவிடும். அப்படி ஓடிய வண்டிக்குப் புது ஒயில் விட்டு, 100 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடியும் மாற்றுவது நல்லது.

சி.50க்கு ஏறத்தாழ 700 முதல் 800 மில்லிலீற்றர் ஒயில் பிடிக்கும். மூடியிலுள்ள கோலைத் துடைத்து, திருகி இறுக்காமல் துவாரத்தில் வைத்தெடுத்து அளவு பார்க்கவும். கழிவு ஒயிலை நிலத்தில் ஊற்ற வேண்டாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தினூடாக அது கிணற்றுக்கே போய்ச் சேரும்.

3. தாங்கியும் காபறேற்றரும்

இவ்வேலையை அடுப்பும் விளக்கும் இல்லாத வெளியிடத்தில் செய்யவும். பழைய பெற்றோல் பிசினாகிச் சிறு துவாரங்களை அடைத்துவிடும். ஆகவே தாங்கியை முற்றாக வடிக்கவும். உள்ளே துரு இருந்தால் தாங்கியைக் கழற்றி, சிறிது மண்ணெண்ணெயும் பத்துச் சிறு நட்டுகளும் போட்டு நன்றாகக் குலுக்கவும். பத்து நட்டும் வெளியே வந்தனவா என்று எண்ணிப் பார்க்கவும்.

காபறேற்றரின் கீழ்க் கிண்ணத்தைக் கழற்றி, ஜெற்றைப் பெற்றோலால் கழுவி, சைக்கிள் பம்பினால் ஊதவும். துவாரத்தினூடாக வெளிச்சம் தெரிய வேண்டும். ஊசியோ இரும்புக் கம்பியோ குத்தினால் துவாரம் பெருத்து, வண்டி பெற்றோலைக் குடிக்கும்.

4. நெருப்புப் பொறி

பிளக்கின் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். பொயின்ற் உள்ள வண்டியில் அதன் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர். பொயின்றை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, சுத்தமான மட்டையால் துடைக்கவும்.

சில நாள் ஓடியபின் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவும். மண்ணிறமானால் நல்லது. உலர்ந்த கரியானால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது. ஒயில் ஈரமானால் றிங்கோ வால்வோ தேய்ந்திருக்கலாம்.

5. வீதிக்கு இறங்க முன்

எஞ்சின் இயங்கியவுடன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட வேண்டாம். வெடித்த ரயரை மாற்றவும். பிறேக் கம்பி துருப்பிடித்திருந்தால் புதிதாகப் போடவும். செயினின் நடுவில் விரலால் அமர்த்தினால் ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றர் மட்டுமே அசைய வேண்டும்.

குழுவில் கலந்துரையாட

அ. உங்கள் குழுவில் எத்தனை வண்டிகள் ஓடாமல் நிற்கின்றன?

ஆ. ஸ்பனர்களையும் இடைவெளி அளக்கும் தகடுகளையும் பல குடும்பங்கள் சேர்ந்து பொதுவாக வாங்க முடியுமா?

இ. இவ்வேலையைப் பழக விரும்பும் இளைஞரும் யுவதிகளும் யார்? முதல் வண்டியை அவர்களின் கையாலேயே கழற்ற விடுங்கள்.