மருணீக்கியார், அருணந்தி: பெயர்ப் பொருளும் ஒலியும்

சைவ நன்மக்கள் நாடோறும் ஓதும் திருப்பெயர்களுள், ஒலிப் பிழையாற் பொருள் மறைந்து கிடப்பன சில உள. அவற்றுள் மருணீக்கியார், அருணந்தி என்னும் இரண்டினை மாத்திரம் ஈண்டு ஆராய்வாம்.

திருவாமூரிற் புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகனாராய்த் தோன்றிய நாவரசர்க்குப் பெற்றோர் இட்ட பெயர் மருணீக்கியார் என்பது. இது மருள், நீக்கியார் எனப் பிரியும். தனிக்குறிலைச் சாராத ளகர மெய்யின்முன் நகரம் வருமாயின், அந்நகரம் ணகரமாகத் திரியும்; நின்ற ளகரமும் கெடும். பொருணூல் என்பதும் இவ்வாறு முடிந்ததே. இவ்விதியை நன்னூல் கற்கும் சிறாரும் அறிவர். அறிந்திருந்தும் சொற்பொழிவுகளில் 'மருநீக்கியார்' என்னும் ஒலியே பெரிதும் கேட்கப்படுகின்றது. மரு என்பது மணம். உலக வழக்கில் உடம்பில் எழும் பாலுண்ணிக்கும் அதுவே பெயர். அங்ஙனமாயின் நம் அரசர் மணத்தைப் போக்கினவரோ, தோலுக்கு மருந்திட்டவரோ? ஓர் அவையில் இவ்வொலியைக் கேட்ட மாணாக்கன் ஒருவன் எம்மை இவ்வாறே வினவினான். எமக்கு நகையும் வந்தது, நாணமும் வந்தது.

மருளாவது ஆணவமலத்தின் மறைப்பால் உயிர்க்கு உளதாகும் மயக்கம். அதனை உயிர் தானே நீக்கிக்கொள்ள மாட்டாது என்பது சித்தாந்தத் துணிபு. அற்றேல், இப்பெயர் பொருந்துமாறு யாங்ஙனம் எனிற் கூறுதும். இப்பெயர் பூண்டவரே பாடலிபுத்திரத்துச் சமணரைச் சார்ந்து தருமசேனர் ஆயினார். இறைவன் சூலை தந்து, திருவதிகையில் ஆட்கொண்டு, அவரது மருளை நீக்கினான். அதன் பின்னரே அவர் திருவாக்குப் பிறர் மருளை நீக்கிற்று. நீக்குதல் அருளின் தொழில். அவர் அவ்வருளுக்கு இடமாயினார். பெற்றோர் இட்ட பெயர் பல்லாண்டு காத்திருந்து பொருள் பெற்றவாறு இது. 'மரு' என ஒலிப்பின் இவ்வளவும் போம்.

இனி, அருணந்தி என்பது அருள், நந்தி எனப் பிரிந்து அவ்விதியானே முடியும். இந்நாளில் அருண் என்பது பிள்ளைகட்குப் பலரும் இடும் பெயராதலின், செந்நிறம் குறிக்கும் அருணம் என்னும் வடசொல்லோடு இதனை இயைப்பாரும் உளர். அது பொருந்தாது, அச்சொல் நிலைமொழியாயின் அருணநந்தி என ஓரெழுத்து மிகுந்து நிற்றல் வேண்டும். சகலாகம பண்டிதர் எனப் புகழ்பெற்ற இவர், மெய்கண்டாரை அணுகி ஆணவத்தின் வடிவு யாது என வினவினார். மெய்கண்டார் அவரை மேலுங்கீழும் நோக்கி, அவர் நின்ற நிலையையே விடையாகக் காட்டினார் என்பது வரலாறு. மருள் நின்ற இடத்தே அருள் பதிந்தமையை நினைந்தே யாம் இவ்விரு பெயரையும் ஒருங்கு வைத்து எண்ணுவது.

சிலர் மருள்நீக்கியார், அருள்நந்தி எனச் சந்தி பிரித்து அச்சிடுகின்றனர். செய்யுளில் அஃது ஓசையைச் சிதைக்கும். உரைநடையிற் பொருள் காக்கப்படுதலின், இளைஞர் பொருட்டு அது கொள்ளற்பாலதே என்பது எம் கருத்து. ஓதுவிப்போர் முதற்கண் பிரித்துச் சொல்லுவித்து, பின்னர் நாநுனி அண்ணத்தைப் பொருந்த ணகரத்தைச் சேர்த்து ஒலிப்பிப்பாராக.