ஆதிகாலக் குடியானவர்களின் கிராம வாழ்வும் சமத்துவமும்

பயிர்த்தொழில் தோன்றிய நாளிலேயே உடையவன், இல்லாதவன் என்னும் பிரிவும் தோன்றிவிட்டது என்பது பலருடைய எண்ணம். தானியத்தைச் சேமித்து வைக்கலாம். ஆகையால் ஒருவன் பிறரினும் மிகுதியாகச் சேர்த்தான். சேர்த்தவன் தலைவனானான் என்று அதற்குக் காரணமும் கூறப்படுவதுண்டு. ஆனால் பூமியைத் தோண்டி ஆராய்ந்தவர்கள் கண்ட சான்றுகள் இதற்கு முழுதும் இணங்கவில்லை. பயிரிடக் கற்ற பின்னரும், பல தலைமுறைகள் வரையில் பெரிய ஏற்றத்தாழ்வின்றி வாழ்ந்த குடியானவர்கள் உண்டு. அவர்களுடைய வாழ்வு எவ்வாறு அமைந்திருந்தது, பின்னர் எதனால் மாறியது என்பவை நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அறியத்தக்கவை.

சத்தல் ஹூயுக்

துருக்கி தேசத்தின் கோன்யா சமவெளியில் சத்தல் ஹூயுக் என்னும் மண்மேடு இருக்கிறது. இதனை 1958-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மெல்லார்ட் என்பவர் கண்டறிந்து, 1961 முதல் 1965 வரையில் அகழ்ந்து ஆராய்ந்தார். 1993-ஆம் ஆண்டு முதல் இயான் ஹாடர் என்பவரின் தலைமையில் 25 ஆண்டுகள் மீண்டும் ஆராய்ச்சி நடைபெற்றது. இங்குள்ள கிழக்கு மேட்டின் பரப்பு சுமார் 33 ஏக்கர். கி.மு. 7100 முதல் கி.மு. 6000 வரையில், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக, மக்கள் இங்கே இடைவிடாது வசித்தனர். பழைய வீட்டை இடித்து நிரப்பி, அதன்மேலேயே புதிய வீட்டைக் கட்டியதனால் மேடு உயர்ந்துகொண்டே வந்தது.

இவர்கள் கோதுமை வகைகளையும் பார்லி, பட்டாணி, மைசூர்ப் பருப்பு ஆகியவற்றையும் பயிரிட்டனர். செம்மறியாடும் வெள்ளாடும் வளர்த்தனர். வீடுகள் பச்சைச் செங்கல்லால், ஒன்றையொன்று ஒட்டிக் கட்டப்பட்டவை. தெரு இல்லை, கூரையின்மேல் நடந்து, ஏணி வழியாக வீட்டினுள் இறங்கினர். இத்தனை பெரிய ஊரில் அரண்மனையோ, பொதுக் களஞ்சியமோ, அதிகாரியின் மாளிகை என்று சொல்லத்தக்க கட்டிடமோ அகப்படவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அடுப்பும், பக்க அறையில் தானியத் தொட்டிகளும் இருந்தன. தானியம் பிறர் கண்ணுக்குப் படாத உள்ளறையில் இருந்தது. விருந்தில் பலரும் கூடி உண்ட காட்டெருதின் கொம்புகளோ கூடத்தில் யாவரும் காண வைக்கப்பட்டன. தனியுடைமை இருந்தது, ஆயின் பெருமை பகிர்ந்து உண்டதில் இருந்தது என்று இதனால் ஊகிக்கலாம்.

ஆண், பெண், உறவு

இறந்தவர்களை வீட்டுத் தரையின் கீழேயே புதைத்தனர். அவ்வெலும்புகளைச் சோதித்ததில், ஆண்களும் பெண்களும் ஏறக்குறைய ஒரே வகை உணவை உண்டனர் என்பது தெரிந்தது. அடுப்புப் புகையின் கரி இரு பாலாரின் விலாவெலும்பிலும் படிந்திருந்தது. ஆகையால் இருவரும் வீட்டினுள் காலம் கழித்தனர் என்று கொள்ளலாம். 131 பேருடைய எலும்புகளிலிருந்து மரபணுவைப் பிரித்து ஆராய்ந்த முடிவுகள் 2025-இல் வெளியாயின. ஒரு வீட்டில் புதைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் தாய்வழியாகவே தொடர்புடையவர்கள் என்பதும், பிற்காலத்தில் இரத்த உறவில்லாதவர்களும் ஒரே வீட்டில் புதைக்கப்பட்டனர் என்பதும் இவற்றால் வெளிப்பட்டன.

சமத்துவம் இருந்தமையால் கஷ்டம் இல்லை என்று எண்ணலாகாது. நெருங்கி வாழ்ந்ததால் தொற்றுநோய் பரவியது. ஆராயப்பட்ட 93 மண்டையோடுகளில் 25-இல் அடிபட்டு ஆறிய வடு காணப்பட்டது. சமமாக வாழ்ந்தவர்களுக்குள்ளும் சச்சரவு இருந்தது. அதைத் தீர்க்க அவர்கள் ஏதேனும் முறை கண்டிருக்க வேண்டும்.

ஏற்றத்தாழ்வு வந்த வழி

கையால் கொத்திப் பயிரிடும் குடும்பத்துக்கு நிலத்தைக் காட்டிலும் ஆள்பலமே முதன்மையானது. உழைக்கும் கைகள் எத்தனையோ அத்தனை நிலமே அவர்களால் பயிரிட முடியும். அதற்கு மேற்பட்ட நிலத்தால் பயனில்லை. கைகளை ஒருவன் தன் மக்களுக்குச் சொத்தாக விட்டுச்செல்லவும் இயலாது. ஆகையால் ஒரு தலைமுறையின் செழிப்பு அடுத்த தலைமுறையில் தானே குறையக்கூடும்.

ஏரும் எருதும் வந்தபின் இந்நிலை மாறியது. ஒரு ஜோடி எருதும் ஓர் ஆளும் கொண்டு, கொத்திப் பயிரிடுவோரைவிடப் பன்மடங்கு நிலத்தை உழலாம். அப்போது குறைவுபடுவது ஆள் அன்று, நிலமே. எருதுடையவன் நிலத்தை விரிவாக்கினான். எருதில்லாதவன் அவனை அண்டி வாழ நேர்ந்தது. நிலமும் எருதும் பரம்பரையாகச் செல்லக்கூடியவை. ஆதலால் ஏற்றத்தாழ்வும் பரம்பரையாயிற்று. பல தேசங்களின் பழைய வீடுகளின் அளவை ஒப்பிட்ட ஓர் ஆராய்ச்சி 2017-இல் வெளியாயிற்று. உழவுக்கும் பாரத்துக்கும் உரிய பெரிய கால்நடைகள் இருந்த ஆசிய, ஐரோப்பிய நாடுகளில் சிறிய வீட்டுக்கும் பெரிய வீட்டுக்கும் இடையிலிருந்த வேற்றுமை வளர்ந்துகொண்டே சென்றது. அவை இல்லாத வட அமெரிக்காவில் அவ்வளவு வளரவில்லை என்று அது கண்டது.

இதனால் ஏரையோ எருதையோ குறை கூறுவதற்கில்லை. அவை இன்றேல் பெருகிய மக்களுக்கு உணவில்லை. கருவி யார் கையில் இருக்கிறது, இல்லாதவனுக்கு அது பருவத்தில் கிடைக்கிறதா என்பதே கேள்வி. எருதின் இடத்தை இக்காலத்தில் டிராக்டரும் ஆழ்குழாய்க் கிணறும் பெற்றிருக்கின்றன. விதைப்புக் காலத்தில் சிறு குடியானவனுக்கு உழவும் தண்ணீரும் நியாயமான வாடகைக்குக் கிடைக்குமாயின், அவன் நிலம் அவனிடமே நிற்கும். கிடைக்காதாயின், கடனும் அதன்பின் நில விற்பனையும் தொடரும். ஆகவே ஒரு கிராமத்தின் நிலையை அறிய விரும்புவோர், நிலக் கணக்கோடு கருவிக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தல் நலம்.