எல்லைக்கு இருபுறமும் ஒரே நீதி

அண்டை வீட்டாரிடையே எழும் நிலத் தகராறு தந்தையோடு முடிவதில்லை. மகனுக்கும் பேரனுக்கும் சொத்தாக வந்து சேர்கின்றது. நாடுகளின் நிலையும் இத்தகையதே. எனினும், மூன்று தலைமுறைப் பகையை முறையான பேச்சால் தணித்துக்கொண்ட அண்டை நாடுகளும் உலகில் உண்டு. அவற்றுள் டென்மார்க்கு, ஜெர்மனி ஆகிய இரண்டின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

பகை வளர்ந்த வரலாறு

இவ்விரு நாடுகளுக்கும் இடைப்பட்ட நிலப்பகுதி ஸ்லெஸ்விக் எனப்படும். அங்கு டேனிஷ் மொழியினரும் ஜெர்மன் மொழியினரும் ஊரோடு ஊராகவும், சில இடங்களில் ஒரே குடும்பத்திலும் கலந்து வாழ்ந்தனர். 1864ஆம் ஆண்டுப் போரில் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் டென்மார்க்கை வென்றன. அதன் பயனாக ஸ்லெஸ்விக் பிரஷ்யாவின் ஆட்சிக்கு உட்பட்டது. 1888இல் பள்ளிகளில் சமய பாடம் நீங்கலாக ஏனைய பாடங்கள் அனைத்தும் ஜெர்மன் மொழியிலேயே கற்பிக்கப்பட வேண்டும் என ஆணை பிறந்தது. வீட்டில் தாய் பேசிய மொழிக்குப் பள்ளியில் இடமில்லாது போயிற்று. முதல் உலகப் போரில் வட ஸ்லெஸ்விக்கைச் சேர்ந்த ஏறத்தாழ 30,000 பேர் ஜெர்மன் படையில் சேர்ந்து போரிட நேர்ந்தது. அவர்களுள் 5,000க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். தம் நாடு என்று தாம் கருதாத நாட்டிற்காக உயிர் துறந்தவர்கள் அவர்களுள் பலர்.

போர் முடிந்தபின், 1920இல் மக்களின் விருப்பம் கேட்கப்பட்டது. பிப்ரவரி 10ஆம் நாள் வடபகுதியில் நான்கில் மூன்று பங்கினர் டென்மார்க்கையும், மார்ச் 14ஆம் நாள் அடுத்த பகுதியில் ஐந்தில் நான்கு பங்கினர் ஜெர்மனியையும் விரும்பி வாக்களித்தனர். அவ்வண்ணமே எல்லை வகுக்கப்பட்டது. இது நேர்மையான முறையே. ஆயினும், வடபகுதியின் வாக்குகள் ஒரே தொகுதியாக எண்ணப்பட்டமையால், ஜெர்மன் சார்பினர் மிகுந்திருந்த டோண்டர், ஆபென்ரா, சோண்டர்போர்க் ஆகிய நகரங்களும் டென்மார்க்கைச் சேர்ந்தன. தென்பகுதியில் பிளென்ஸ்பர்க் நகரத்து டேனிஷ் மக்கள் ஜெர்மனியில் தங்கினர். எல்லைக் கோட்டை எங்கே கிழித்தாலும், அதற்கு அப்பாலும் நம்மவர் சிலர் இருப்பர், இப்பாலும் பிறர் சிலர் இருப்பர் என்பதை இங்கு உணர்தல் வேண்டும்.

1940இல் ஹிட்லரின் படை டென்மார்க்கைக் கைப்பற்றியது. போர் முடிந்தபின், படையெடுத்தவர்களுக்குத் துணை நின்றனர் என்று ஜெர்மன் சிறுபான்மையினர் பலர் சிறையிடப்பட்டனர். அவர்களது பள்ளிகளும் மூடப்பட்டன. பழைய கசப்போடு புதிய கசப்பும் சேர்ந்தது.

1955ஆம் ஆண்டின் இரு அறிக்கைகள்

1953இல் டென்மார்க்கிலுள்ள ஜெர்மன் சிறுபான்மையினர் நாடாளுமன்றத்தில் ஓர் இடம் பெற்றனர். ஆனால் 1954இல் ஜெர்மனியின் ஸ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத் தேர்தலில், டேனிஷ் சிறுபான்மையினரின் கட்சி 42,000 அளவில் வாக்குகள் பெற்றும், நூற்றுக்கு ஐந்து வாக்கு பெறாத கட்சிக்கு இடமில்லை என்னும் விதியால் ஓர் இடமும் பெறவில்லை. ஒருபுறம் கிடைத்த உரிமை மறுபுறம் மறுக்கப்பட்டது. அவ்வேளையில் மேற்கு ஜெர்மனி, டென்மார்க்கு உறுப்பு வகித்த வட அட்லாண்டிக் கூட்டமைப்பில் சேர முற்பட்டிருந்தது. இதனைத் தக்க தருணமாகக் கொண்டு டென்மார்க்கு இக்குறையை எடுத்துரைத்தது. இரு தரப்பினரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தனர்.

அம்முடிவின் அமைப்பு கருதத்தக்கது. அவர்கள் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திடவில்லை. 1955 மார்ச் 29ஆம் நாள் இரு அரசுகளும் தனித்தனியே அறிக்கை வெளியிட்டன. ஜெர்மனி தன் நாட்டிலுள்ள டேனிஷ் மக்களுக்கும், டென்மார்க்கு தன் நாட்டிலுள்ள ஜெர்மன் மக்களுக்கும் உறுதியளித்தன. 'நீ என்னவரைக் காத்தால் நான் உன்னவரைக் காப்பேன்' என்னும் பேரமாக அன்றி, தன் வீட்டில் உள்ளவர்க்குத் தானே செய்யும் கடமையாக அது அமைந்தது.

அவ்வறிக்கைகளின் உயிர்நிலையான கருத்து, ஒருவர் தம்மை எவ்வினத்தார் எனக் கூறிக்கொள்வது அவரது உரிமை. அதனை மறுக்கவோ சோதித்துப் பார்க்கவோ எந்த அதிகாரிக்கும் இடமில்லை என்பதாகும். வீட்டில் ஜெர்மன் மொழி பேசும் குடும்பம் ஒன்று தன்னை டேனிஷ் குடும்பமாகக் கருதிப் பிள்ளைகளை டேனிஷ் பள்ளிக்கு அனுப்பலாம். அத்தகைய குடும்பங்கள் அங்கு மிகப் பல.

பயனும் சோதனையும்

நூற்றுக்கு ஐந்து என்னும் விதியினின்று டேனிஷ் கட்சிக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 1958இல் அது மீண்டும் மாநிலச் சட்டமன்றத்துள் நுழைந்தது. 2012 முதல் 2017 வரை ஆட்சியிலும் பங்கு கொண்டது. 2021இல் ஜெர்மனியின் நாடாளுமன்றத்திலும் ஓர் இடம் பெற்றது. இருபுறத்துச் சிறுபான்மைப் பள்ளிகளின் இறுதித் தேர்வுகளும் ஏற்பு எய்தின.

இதனால் குறையே இல்லை என்று கொள்ளலாகாது. 2010இல் மாநில அரசு, டேனிஷ் பள்ளி மாணவர்க்கு வழங்கும் உதவித்தொகையை ஏனைய மாணவர்க்கு வழங்குவதில் நூற்றுக்கு 85 பங்காகக் குறைத்தது. எதிர்ப்புக் கிளம்பியது, 2012இல் அமைந்த புதிய ஆட்சியே சமநிலையை மீட்டது. தேர்தல் விலக்கும் வழக்குமன்றம் சென்றது; 2013இல் மாநில அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லும் எனத் தீர்ப்பளித்தது. 2016இல் டென்மார்க்கு எல்லையில் மீண்டும் சோதனையைத் தொடங்கியபோது இருபுறத்து மக்களும் வருந்தினர். உரிமை ஒருமுறை பெற்றுப் பெட்டியில் பூட்டிவைக்கும் பொருளன்று. ஒவ்வொரு தலைமுறையும் விழித்திருந்து காக்க வேண்டுவது.

நாம் கொள்ளத்தக்கது

எண்ணிக்கையில் சிறியோராய் வாழும் நமக்கு இவ்வரலாறு எளிதில் விளங்கும். 2014இல் நடுவண் அரசு சமணரைத் தேசியச் சிறுபான்மையினராக அறிவித்தது. அவ்வுரிமையை மகிழ்ந்து ஏற்கும் நாம் ஒன்றை நினைத்தல் தகும். நாட்டில் சிறியோரான நாமே, நம் தெருவிலோ சங்கத்திலோ தொழிலிடத்திலோ பெரியோராகவும் இருக்கலாம். அங்கே நம்மினும் சிறியோர்க்கு நாம் அளிக்கும் இடமே, பிறரிடம் நாம் கேட்கும் நீதிக்கு அளவுகோல் ஆகும்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. 1920இல் மக்கள் வாக்களித்தும் சிக்கல் தீராமைக்குக் காரணம் யாது?

2. ஒப்பந்தத்திற்கும் தனித்தனி அறிக்கைக்கும் உள்ள வேறுபாட்டைக் குடும்பத்தாருடன் கலந்து பேசுக.

3. 'நான் இன்னார்' என ஒருவர் கூறும்போது அதற்குச் சான்று கேட்பதால் அவர் மனம் எவ்வாறு புண்படும்? நம் ஊரில் அங்ஙனம் நிகழ்வதுண்டா?