ஷட்டருக்கும் ஒரு கணக்கு எழுதுங்கள்

கல்யாண போட்டோகிராபியில் புதிதாக இறங்குகிறவர்களில் பலர் முதலில் வாங்குவது செகண்ட் ஹேண்ட் பாடிதான். "எத்தனை கிளிக் ஓடியிருக்கு?" என்று விற்பவரிடம் தவறாமல் கேட்டுவிடுகிறார்கள். பதிலாக வரும் எண்ணை வைத்து என்ன செய்வது என்பதில்தான் தடுமாற்றம்.

கம்பெனிகள் ஒவ்வொரு மாடலுக்கும் ஓர் அளவு சொல்கின்றன. கேனான் 5டி மார்க் 4-க்கு 1,50,000 கிளிக். நிக்கான் டி850-க்கு 2,00,000. கேனான் 1டிஎக்ஸ் மார்க் 3-க்கு 5,00,000. இவையெல்லாம் சோதனையில் தாங்கிய அளவுகள். அந்த எண்ணைத் தொட்டதும் ஷட்டர் நின்றுவிடாது. அதற்கு முன்னால் போகாது என்ற வாரண்டியும் கிடையாது.

இதைப் பணமாக மாற்றிப் பாருங்கள். ஆண்டுக்கு 30 கல்யாணம், ஒன்றுக்கு 2,500 கிளிக் என்றால் 75,000. ஒன்றரை லட்சம் இரண்டே ஆண்டில் தீர்ந்துவிடும். ஷட்டர் மாற்ற 20,000 ரூபாய் ஆகும் என்று உங்கள் மெக்கானிக் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிளிக்குக் கிட்டத்தட்ட 13 பைசா. ஒரு கல்யாணத்துக்கு 333 ரூபாய். அவ்வளவுதான். கொட்டேஷனில் இதைச் சேர்த்துவிட்டால் கிளிக்கை எண்ணி எண்ணிப் பயப்பட வேண்டியதில்லை. மாலை மாற்றும்போது பர்ஸ்டில் வைத்துத் தாராளமாக எடுங்கள். சேமிக்க வேண்டிய இடம் ரிசப்ஷன் வரிசை: மேடையேறும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆறேழு கிளிக் தேவையில்லை, கண் மூடியிருந்தால் தப்பிக்க மூன்று போதும்.

உண்மையான நஷ்டம் அந்த 20,000 ரூபாயில் இல்லை. கெட்டிமேளம் முழங்கும்போது ஷட்டர் நின்றால் அந்தத் தாலிகட்டு திரும்ப வராது. அதனால் இரண்டாவது பாடி இல்லாமல் முகூர்த்தத்துக்குப் போகவே கூடாது என்பேன். சொந்தமாக வாங்க முடியாவிட்டால் வாடகைக்கு எடுங்கள். அதைப் பையில் வைத்திருந்தும் பயனில்லை. லென்ஸ் மாட்டி, கார்டு போட்டு, தோளில் தொங்க வேண்டும்.

ஷட்டர் திடீரென்று நிற்பதும் உண்டு. ஆனால் பல நேரம் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். உள்ளே மெல்லிய தகடுகளால் ஆன இரண்டு திரைகள் இருக்கின்றன. முதல் திரை திறக்கும். இரண்டாவது அதைத் துரத்திக்கொண்டு வந்து மூடும். 1/8000 வைத்தால் திரைகள் வேகமாக ஓடுவதில்லை, இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் குறுகுகிறது. தேய்ந்துபோன ஒரு திரை துளி பிந்தினாலும் அந்தக் குறுகிய இடைவெளியில் அது பெரிதாகத் தெரியும். மண்டபத்துக்குள் 1/160-ல் எடுக்கும் படங்களில் ஒன்றும் தெரியாது. வெயிலில் எடுக்கும் அவுட்டோர் ஷூட்டில்தான் முதலில் பிடிபடும்.

சோதிப்பது எளிது. பகல் வெளிச்சம் சீராக விழும் வெள்ளைச் சுவரைப் பார்த்து மேனுவலில் 1/1000, 1/4000, 1/8000 என்று எடுங்கள்; வெளிச்சம் குறையாதபடி ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளுங்கள். படத்தின் ஒரு விளிம்பு மட்டும் இருட்டினாலோ, பர்ஸ்டில் எடுத்த படங்கள் ஒன்றுக்கொன்று வெளிச்சம் மாறினாலோ அந்த பாடி முகூர்த்தத்துக்கு ஆகாது. டியூப் லைட், எல்இடி வெளிச்சத்தில் இதைச் செய்யாதீர்கள். விளக்கின் துடிப்பே பட்டை போட்டு ஏமாற்றும்.

இனி எண்ணைப் பார்ப்பது. நிக்கானில் அது படத்தின் கோப்புக்குள்ளேயே பதிவாகிறது. எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் படித்துச் சொல்லும். விற்பவரிடம் அன்றைக்கு எடுத்த ஒரிஜினல் ஃபைலைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக வந்ததில் அந்தத் தகவல் தங்காது. கேனானின் பெரும்பாலான மாடல்கள் எண்ணைப் படத்தில் எழுதுவதில்லை. யுஎஸ்பியில் இணைத்துப் பார்க்க வேண்டும், சிலவற்றுக்கு சர்வீஸ் சென்டர்தான் வழி. ஃபைல் பெயரில் உள்ள எண்ணை நம்பாதீர்கள், 9999-க்குப் பிறகு அது முதலிலிருந்து தொடங்கும். வீடியோவுக்கே ஓடிய பாடியில் கிளிக் குறைவாகத்தான் காட்டும், உழைப்போ அதிகம் இருக்கும். என்ன வேலைக்கு ஓடியது என்றும் கேளுங்கள்.

மிரர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு எலக்ட்ரானிக் ஷட்டர் இருக்கிறது. அதில் திரை தேயாது. 2021-ல் வந்த நிக்கான் இசட்9-ல் மெக்கானிக்கல் ஷட்டரே இல்லை. ஆனால் சாதாரண பாடிகளில் இதை மேடையில் நம்ப முடியாது: எல்இடி விளக்கில் பட்டை விழும், பெரும்பாலானவற்றில் ஃபிளாஷும் எரியாது. மண்டப அலங்காரத்தின் டைம்லாப்ஸுக்கு மட்டும் தயங்காமல் போடுங்கள். பத்து விநாடி டைம்லாப்ஸுக்கே 250 படம் வேண்டும்.

திரைத் தகடுகளை விரலால் தொடவே கூடாது. தூசி பட்டால் கையால் அமுக்கும் ரப்பர் புளோயர் போதும்.

கம்பெனி சொன்ன அளவை பாடி நெருங்கிவிட்டால் ஆடியிலோ மார்கழியிலோ சர்வீஸுக்குக் கொடுத்துவிடுங்கள். கல்யாணம் இல்லாத மாதங்கள். திரும்ப வாங்கும்போது கடையிலேயே உச்ச வேகத்தில் ஒன்று, ஃபிளாஷ் மாட்டி 1/200-ல் ஒன்று எடுத்துப் பாருங்கள். எத்தனையாவது கிளிக்கில் ஷட்டர் மாற்றியது என்பதையும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு அந்த பாடியை விற்கும்போது வாங்குகிறவர் அதைத்தான் கேட்பார்.