முனையில் வைத்த ஆறு கிராம்



பெட்மிண்டன் பந்தை எந்தப் பக்கமாக அடித்தாலும், அது காற்றில் திரும்பித் தக்கைப் பக்கத்தை முன்னே வைத்துக்கொண்டு செல்வதைப் பார்த்திருப்பீர்கள். கனமான தக்கை முன்னாலும், காற்றைத் தாங்கும் இறகுகள் பின்னாலும் இருப்பதே அதற்குக் காரணம். கடதாசிக் குழாயினாலும் மெல்லிய மரச் செட்டைகளினாலும் செய்யப்படும் மாதிரி ரொக்கெட்டும் இதே விதியின்படிதான் நேராகப் பறக்கிறது.

இதில் இரண்டு புள்ளிகளை நாம் அறிய வேண்டும். ரொக்கெட்டை ஒரு விரலின் மீது கிடையாக வைக்கும்போது எந்த இடத்தில் சரியாமல் நிற்கிறதோ, அதுவே அதன் ஈர்ப்பு மையம். பறக்கும்போது ரொக்கெட் இப்புள்ளியைச் சுற்றியே திரும்பும். பக்கவாட்டில் மோதும் காற்றின் விசைகள் அனைத்தும் ஒன்றுசேர்ந்து தாக்குவதாகக் கொள்ளும் புள்ளி அமுக்க மையம் எனப்படும்.

காற்று வீசி ரொக்கெட் சற்றுச் சரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அமுக்க மையம் ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் இருந்தால், காற்றே வாலைத் தள்ளி ரொக்கெட்டை நேராக்கிவிடும். முன்னால் இருந்தாலோ, அதே காற்று சரிவை மேலும் கூட்டும். ரொக்கெட் வானில் குட்டிக்கரணம் அடிக்கும். பார்த்து நிற்பவர்களை நோக்கியும் பாயலாம்.

ஆகவே ஈர்ப்பு மையம், அமுக்க மையத்தைவிட உடற்குழாயின் ஒரு விட்டத்தின் அளவாவது முன்னே இருக்க வேண்டும் என்பது இத்துறையினரின் பொதுவிதி. அமுக்க மையத்தைச் சமன்பாடுகளால் கணிக்கும் முறையை 1966ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜேம்ஸ் பரோமன், ஜூடித் பரோமன் தம்பதியர் மாதிரி ரொக்கெட் ஆர்வலர்களுக்கு அளித்தனர். அதைவிட எளிய வழியும் உண்டு. ரொக்கெட்டின் பக்கத்தோற்றத்தை மட்டையில் வரைந்து வெட்டி, அதனை அடிமட்டத்தின் விளிம்பில் சமப்படுத்துங்கள். அது நிற்கும் இடத்தை அமுக்க மையமாகக் கொள்ளலாம். இது உண்மையான இடத்தைவிடச் சற்று முன்னாலேயே காட்டும் என்பதால் பாதுகாப்பான மதிப்பீடாகும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மோட்டாருடன் 54 கிராம் நிறையுள்ள ஒரு ரொக்கெட்டின் விட்டம் 2.5 செ.மீ. முனையிலிருந்து அளந்தால் ஈர்ப்பு மையம் 18 செ.மீ. தூரத்திலும், அமுக்க மையம் 19 செ.மீ. தூரத்திலும் உள்ளன. இடைவெளி 1 செ.மீ. மட்டுமே, இது போதாது. பாரத்தைக் குறைத்தால் நன்றாகப் பறக்கும் என்றே நமக்குத் தோன்றும். ஆனால் இங்கே பாரத்தைக் கூட்டவே வேண்டும். முனையிலிருந்து 3 செ.மீ. தூரத்தில் உள்ளே 6 கிராம் களிமண்ணை வைப்போம்.

54 × 18 = 972
6 × 3 = 18
கூட்டுத்தொகை 990
990 ÷ 60 = 16.5

ஈர்ப்பு மையம் 16.5 செ.மீ. தூரத்துக்கு முன்னேறிவிட்டது. இப்போது இடைவெளி 2.5 செ.மீ., அதாவது சரியாக ஒரு விட்டம். உயரம் சிறிது குறையலாம். ஆனால் ரொக்கெட் நேராகச் செல்லும். இடைவெளி மிகவும் கூடினாலும் சிக்கல்தான். அப்போது ரொக்கெட் காற்று வரும் திசைக்கே முகத்தைத் திருப்பி, மேலே ஏறாமல் சரிந்து செல்லும்.

மோட்டாரைப் பொருத்திய பின்னரே ஈர்ப்பு மையத்தை அளக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். வாலில் உள்ள எரிபொருள் எரிய எரிய ஈர்ப்பு மையம் முன்னோக்கி நகரும். எனவே ஆபத்து அதிகம் உள்ள வேளை புறப்படும் வேளையே. அப்போது வேகமும் குறைவு என்பதால் செட்டைகள் சரியாக வேலை செய்யா. ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமான வழிகாட்டிக் கம்பியில் கோத்து ஏவுவது இதனால்தான்.

இதைச் சோதித்துப் பார்க்க நெருப்பு வேண்டியதில்லை. கடதாசிக் குழாயில் செட்டைகளை ஒட்டி, ஈர்ப்பு மையத்தில் நூலைக் கட்டி, திறந்தவெளியில் தலைக்கு மேலே சுழற்றுங்கள். முனை முன்னே சென்றால் வெற்றி. வால் முன்னே வந்தால், முனையில் சிறிது களிமண் சேர்த்து மீண்டும் சுழற்றுங்கள். எத்தனை கிராமில் அது திருந்துகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்களே கண்டறிந்த அந்த அளவு எளிதில் மறக்காது.