காரின் குளிர் எங்கே போயிற்று?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் கட்டணமும் புத்தகமும் அந்தக் கார் ஓடுவதைப் பொறுத்தவை. சென்ற கோடையில் அதன் ஏசி குளிரவில்லை. சித்திரை வெயிலில் அப்படிப்பட்ட காரில் யார் ஏறுவார்கள்? ஒரு கடையில் கேஸ் நிரப்பினார்கள். ஐந்து வாரம் குளிர்ந்தது. மீண்டும் நிரப்பினார்கள், மூன்று வாரங்கூட நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் மூன்று நாள் வருமானம் போயிற்று. மூன்றாம் முறை வேறொரு பட்டறைக்குச் சென்றபோது நானும் உடன் சென்றேன். அங்கே கற்றதை நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குளிர்விப்பது எப்படி?

இன்று ஓடும் கார்கள் பலவற்றில் ஆர்-134ஏ என்னும் பொருள் உள்ளது. சாதாரணக் காற்றழுத்தத்தில் இது −26 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்துவிடும். கம்ப்ரசர் இந்த வாயுவை அழுத்துகிறது. முன்புறமுள்ள கண்டென்சரில் அது வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வைக் கடந்து அழுத்தம் குறைந்ததும், கூலிங் காயிலில் ஆவியாகிறது. அதற்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தைக் காருக்குள் உள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பிறகு மீண்டும் கம்ப்ரசருக்கே திரும்புகிறது.

இது மூடிய சுற்று. பெட்ரோல் எரிந்து தீர்வதுபோல் கேஸ் தீர்வதில்லை. அது குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றே பொருள். ஒழுக்கைத் தேடாமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதே ஆகும்.

நான் செய்த தவறு

மெக்கானிக் அண்ணன் எஞ்சினை நிறுத்திய நிலையில் கேஜ்களை மாட்டினார். இரண்டும் சுமார் 97 பவுண்டு காட்டின. அன்று காலை வெப்பம் 30 டிகிரி. அவ்வெப்பநிலையில் ஆர்-134ஏயின் தெவிட்டிய ஆவியழுத்தம் அதுதான் என்பதை அட்டவணையில் பார்த்தேன். "அண்ணே, கேஸ் சரியாக இருக்கிறது. கோளாறு கம்ப்ரசரில்தான்" என்றேன் பெருமையோடு. கம்ப்ரசரின் விலையை நினைத்து என் தந்தையாரின் முகம் வாடிவிட்டது.

அண்ணன் சிரித்தார். "தம்பி, வீட்டு சிலிண்டரில் பாதி தீர்ந்தால் அடுப்பு பாதியாகவா எரிகிறது?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஒரு துளித் திரவம் மிஞ்சியிருக்கும் வரை தெவிட்டிய ஆவியின் அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது, அளவைப் பொறுத்ததன்று. தேர்வில் இதை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான்!

எஞ்சினை ஓட்டியதும் உண்மை வெளிப்பட்டது. 30 முதல் 40 பவுண்டு வரை இருக்கவேண்டிய கீழ் அழுத்தம் 15-க்கு இறங்கியது. மேல் அழுத்தமும் போதிய அளவு ஏறவில்லை. கம்ப்ரசர் அடிக்கடி நின்று நின்று ஓடியது. இவை கேஸ் குறைவின் அடையாளங்கள். எஞ்சியதை இயந்திரத்தால் சிலிண்டரில் இழுத்து எடை போட்டார். 450 கிராமுக்கு 190 கிராமே இருந்தது.

ஒழுக்கைக் கண்டறிதல்

முதற்கருவி கண்தான். கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கசிவதால், ஒழுகும் இடத்தில் தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். கண்டென்சர் இணைப்பொன்றில் அத்தகைய கறை தெரிந்தது. ஆயினும் அவர் அதோடு முடிவு செய்யவில்லை. ஈரமற்ற நைட்ரஜனைச் சுமார் 150 பவுண்டு வரை ஏற்றி, எல்லா இணைப்புகளிலும் சோப்பு நுரை தடவினார். கறையிருந்த இடத்தில் மட்டும் நுரை சிறுசிறு குமிழிகளாகக் கிளம்பியது.

இச்சோதனைக்கு ஆக்சிஜனைப் பயன்படுத்தவே கூடாது. எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். மின்னணுக் கண்டறிகருவியைக் கொண்டு தேடினால் அதை இணைப்பின் அடியில் பிடிக்கவேண்டும். ஆர்-134ஏயின் மூலக்கூறு எடை 102, காற்றின் சராசரி 29 ஆதலால், கசிந்த வாயு கீழ்நோக்கியே இறங்கும்.

பழுது நீக்குதல்

இணைப்பைக் கழற்றியதும் ஓ-ரிங் வெடித்திருப்பது தெரிந்தது. சில ரூபாய்ப் பொருள்! புதியதற்கு எண்ணெய் தடவி மாட்டி அளவோடு முறுக்கினார். சுற்றைத் திறந்ததால் டிரையரையும் மாற்றினார். நைட்ரஜனால் மீண்டும் சோதித்தபின் வேக்கம் பம்பை அரைமணி நேரம் ஓட்டினார். அழுத்தம் 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே சென்றால் 30 டிகிரியிலேயே நீர் கொதித்து ஆவியாகிவிடும். உள்ளே தங்கிய ஈரம் இவ்வாறு வெளியேறுகிறது. ஈரம் தங்கினால் வால்வில் பனியாக உறைந்து வழியை அடைக்கும்.

"வேக்கம் நின்றால் ஒழுக்கு இல்லை என்று ஆகுமா?" என்று கேட்டேன். ஆகாது என்றார். வேக்கத்தில் வெளிக்காற்று 15 பவுண்டு அளவே உள்நோக்கி அழுத்துகிறது. ஓடும்போதோ 200 பவுண்டுக்கு மேல் வெளிநோக்கித் தள்ளுகிறது. எனவேதான் நைட்ரஜன் சோதனை தேவைப்படுகிறது. இறுதியாக, கையுறையும் கண்ணாடியும் அணிந்து, தராசில் பார்த்து 450 கிராம் நிரப்பினார். திரவம் தோலில் பட்டால் அந்த இடம் உறைந்து புண்ணாகிவிடும்.

முடிவுரை

பழைய கார்களில் இருந்த ஆர்-12 போன்ற குளோரின் கலந்த வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-இல் மொலினாவும் ரௌலண்டும் எடுத்துக்காட்டினர். 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை பிறந்தது. ஆர்-134ஏ ஓசோனை அரிப்பதில்லை. ஆனால் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் சுமார் 1,430 மடங்கு புவியை வெப்பமாக்கும். எங்கள் காரிலிருந்து இருமுறை கசிந்த கேஸ் பணத்தை மட்டும் கொண்டுபோகவில்லை என்பது இப்போது புரிகிறது.

இந்த ஆண்டுக் கோடையிலும் கார் குளிர்கிறது. நான் சொன்னதைக் கேட்டிருந்தால் நல்ல கம்ப்ரசர் ஒன்று குப்பைக்குப் போயிருக்கும். என் கல்விக் கட்டணமும் அதோடு போயிருக்கும். நண்பர்களே, பாடத்தில் படித்த விதியைக் கருவியின் முன் நிற்கும்போதும் நினைவில் கொள்வோம். தெரிந்தவர் பள்ளிப்படிப்பைத் தாண்டாதவராயினும், அவரிடம் கேட்கத் தயங்காதிருப்போம்.