படகு டிரெய்லர்: பெயின்ட் கடைசியில்

கரமனையாறு கோவளத்திற்கு அருகே கடலில் கலக்கிறது. அக்கழிமுகத்து உப்புநீரில் இறங்கியேறிய பழைய படகு டிரெய்லரை வீட்டு முற்றத்தில் புதுப்பிக்க முனைவோர் முதலில் வாங்குவது பெயின்ட். நாமோ சக்கரத்தின் ஹப்பைத் திறந்து பார்க்கச் சொல்வோம். ஓடிச் சூடேறிய ஹப் நீரில் அமிழ்ந்ததும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த ஆயில் சீல் வழியே உப்புநீரை உறிஞ்சுகிறது. கிரீஸ் பால்போல் வெளுத்திருந்தால் பேரிங்கையும் சீலையும் மாற்றியே ஆகவேண்டும். இல்லையேல் ஓடும் சாலையில் சக்கரம் கழலக்கூடும். பிறகு சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமாக ஒலிக்குமிடத்தில் உட்புறம் அரித்திருக்கலாம். துருவைச் சுரண்டி, நன்னீரில் கழுவி, உலர்ந்தபின் துத்தநாகப் பிரைமர் பூசலாம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனமே; ஆகவே செலவைத் தொடங்குமுன் பதிவுச் சான்றைக் கேட்டுப் பெறுங்கள்.